தங்கையின் அந்தரங்கப் படங்கள் ஊர்க் குழுவில் வந்துவிட்டன: சட்டம் என்ன செய்யும்?

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இதே இக்கட்டில் இருக்கும் வேறொருவர் படித்தாலும் புரிய வேண்டும். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், உங்கள் வீடு. தங்கைக்கு 22 வயது, குன்னூரில் வேலை பார்க்கிறார். பழகிய பையனோடு உறவை முறித்துக்கொண்டார். அவன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். தங்கை தானே எடுத்து அவனுக்கு அனுப்பியிருந்த படங்களில் இரண்டை ஊர் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். தங்கையின் பெயரில் போலி இன்ஸ்டாகிராம் கணக்கு ஒன்றும் முளைத்திருக்கிறது. அதில் இருவரும் தொட்டபெட்டாவில் எடுத்துக்கொண்ட சாதாரணப் படங்கள். “திரும்பி வரவில்லை என்றால் மீதியும் வரும்” என்று செய்தி அனுப்பியிருக்கிறான். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்கிறார் அப்பா. இதற்கிடையில் உங்கள் சித்தி மகன் அந்தப் படங்களில் ஒன்றைத் தன் நண்பனுக்கு அனுப்பிவிட்டான். தங்கையே அனுப்பிய படம் என்பதால் வழக்கு நிற்குமா, எங்கே புகார் கொடுப்பது, படங்களை நீக்க முடியுமா, பெயர் வெளியே வருமா, சித்தி மகன் கதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழக்கு நிற்கும். உதகையில் வழக்கறிஞராக இருக்கும் எனக்கு, இந்த வகைப் புகாரோடு வருகிற குடும்பங்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் முதல் வாக்கியமே “அவளேதான் அனுப்பினாள்” என்பது. அதைக் குற்ற ஒப்புதல் போலச் சொல்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி என்று இருந்தது. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும், படம் பிடிப்பதும், பரப்புவதும் அதன்படி குற்றம். அந்தப் பிரிவுக்குக் கீழே ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டிருக்கிறது: படம் எடுக்கச் சம்மதித்த பெண், அது மூன்றாம் நபரிடம் போகச் சம்மதிக்கவில்லை என்றால், அதைப் பரப்புவது குற்றமே. முதல் முறை தண்டிக்கப்பட்டால் ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. மறுமுறை மூன்று முதல் ஏழாண்டு. ஒருவனிடம் காட்டியதால் ஊருக்கே காட்டச் சம்மதித்ததாக ஆகாது என்பதைச் சட்டமே எழுதி வைத்துவிட்டது.

ஆனாலும் 77-ஐ மட்டும் நம்பிப் புகார் எழுதக் கூடாது. “என் கட்சிக்காரர் ஒளிந்து பார்க்கவும் இல்லை, படம் பிடிக்கவும் இல்லை, வந்த படத்தைத்தானே அனுப்பினார்” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். அதற்கு வழி விடாமல், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவுகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைக் காட்டும் படத்தை அவர் சம்மதமின்றி எடுத்தாலோ, வெளியிட்டாலோ, அனுப்பினாலோ மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. 67 ஆபாசமானதை மின்னணு வழியில் பரப்புவது. 67ஏ பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டுவதைப் பரப்புவது; முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 66இ-யும், முதல் முறைக் குற்றமாக வரும் 67-உம் பிணையில் விடக்கூடியவை. 67ஏ அப்படியல்ல. எந்தப் பிரிவு முதல் தகவல் அறிக்கையில் ஏறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவன் அன்று மாலையே வீடு திரும்புவானா இல்லையா என்பது முடிவாகும். படத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கூச்சப்படாமல் உள்ளபடி புகாரில் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். “அசிங்கமான படங்கள்” என்று மொட்டையாக எழுதினால் எந்தப் பிரிவும் உறுதியாக ஒட்டாது.

இவை வெறும் ஏட்டுப் பிரிவுகள் அல்ல. பழகிய பெண்ணின் அந்தரங்கப் படங்களை இணையத்தில் ஏற்றிய இளைஞன் ஒருவனுக்கு மேற்கு வங்கத்தின் தம்லுக் நீதிமன்றம் 2018-இல் ஐந்தாண்டு சிறை விதித்தது.

இப்போது தொட்டபெட்டா படங்களுக்கு வருகிறேன். 66இ-யும் 67-உம் சால்வை போர்த்திக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தைத் தொடாது. நம் ஊர்களில் பல பெண்களின் வாழ்க்கையைக் குலைக்க அந்தச் சால்வைப் படமே போதும். சட்டத்துக்கு அது தெரியாது. அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, வேறு கதவு. அவர் பெயரிலும் படத்திலும் கணக்குத் தொடங்கியது அடையாளத் திருட்டு, ஆள்மாறாட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளைப் புகாரில் சேர்க்கலாம். வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்ந்து செய்தி அனுப்புவது நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் பின்தொடர்தல் குற்றம். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லும் செயலும் 79-இல் வரும். அந்தக் கணக்கில் படங்களுக்குக் கீழே அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று பாருங்கள். பெரும்பாலும் படத்தைவிட அந்த வரிகள்தான் வழக்குக்கு வலு சேர்க்கும்.

மிரட்டல் தனிக் குற்றம். அதைப் பலரும் புகாரின் கடைசி வரியில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். குற்றமுறு மிரட்டலுக்கான நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில், ஒரு பெண்ணின் கற்பு குறித்து அவதூறு பரப்புவேன் என்று மிரட்டினால் ஏழாண்டு வரை சிறை என்று தனியாக ஓர் உட்பிரிவு இருக்கிறது. அது அந்தக் காலத்துச் சிந்தனையில் எழுதப்பட்டது, எனக்கு அந்தச் சொல் பிடிக்காது; ஆனால் கையில் இருக்கும் ஆயுதத்தை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பணம் கேட்டிருந்தால் 308-ஆம் பிரிவின் பணப்பறிப்பும் சேரும். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்த வீட்டை அவர்கள் விடுவதில்லை.

இவ்வளவும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் இன்றிரவே ஒரு வேலை செய்தாக வேண்டும். பதற்றத்தில் குடும்பங்கள் முதலில் செய்வது அவனைத் தடை செய்வது, உரையாடலை அழிப்பது, தங்கையின் கைப்பேசியைப் பிடுங்கி உடைப்பது. மூன்றும் அவனுக்குச் செய்யும் உதவி. தங்கையின் கைப்பேசி அப்படியே இருக்கட்டும். குழுவில் படம் வந்த இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவரின் எண், தேதி, நேரம், குழுவின் பெயர் தெரியும்படி எடுக்க வேண்டும். உங்கள் கைப்பேசியில் அவன் எண் “அண்ணன் கடை” என்று பதிவாகியிருந்தால் ஸ்கிரீன்ஷாட்டிலும் “அண்ணன் கடை” என்றுதான் வரும். அந்தப் பெயரைத் தொட்டு உள்ளே போய், முழு எண் தெரியும் பக்கத்தையும் எடுத்துவையுங்கள். இன்ஸ்டாகிராமில் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எனவே அந்தக் கணக்கின் முகவரியையும் ஒவ்வொரு பதிவின் லிங்க்கையும் தனித்தனியே நகலெடுத்து ஒரு குறிப்பில் ஒட்டிவையுங்கள். கணக்கைத் திறந்து மேலிருந்து கீழ் வரை நகர்த்திக்கொண்டே திரையைக் காணொளியாகவும் பதிவு செய்யுங்கள். மிரட்டல் செய்திகள் தானாக மறையும் வகையாக இருந்தால் இன்னொரு கைப்பேசியால் அந்தத் திரையைப் படம் பிடியுங்கள்.

இவற்றை நெருங்கிய உறவினருக்குக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின்னணுச் சான்றின் நகலை நீதிமன்றத்தில் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-தான் அது. எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்வரிசை) என்ன என்று அதில் குறிக்க வேண்டும். மூலக் கைப்பேசி உடைந்துவிட்டால் நகலின் நம்பகத்தன்மையை நிலைநாட்டப் பெரும்பாடு படவேண்டியிருக்கும்.

சான்று பத்திரமான பிறகு, அதே இரவில், நீக்கும் வேலை. தண்டனை கிடைக்க ஆண்டுகள் ஆகலாம். படம் இறங்க மணிக்கணக்குப் போதும். இரண்டும் தனித்தனிப் பாதைகள். ஒன்று முடியட்டும் என்று மற்றொன்றைக் காத்திருக்க வைக்காதீர்கள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின் 3(2)(பி), அந்தரங்க உறுப்புகள், நிர்வாணம், பாலியல் செயல் ஆகியவற்றைக் காட்டும் படமானாலும், ஆள்மாறாட்டமானாலும், செயற்கையாக உருமாற்றப்பட்ட படமானாலும், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் தளம் அதை முடக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கெடு வைத்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது: பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, அவர் சார்பில் வேறு யாரும் அந்தப் புகாரைக் கொடுக்கலாம். தங்கை அழுதுகொண்டிருக்கும்போது நீங்களே கொடுங்கள். ஒவ்வொரு பெரிய தளமும் இந்தியாவில் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் முகவரி அந்தத் தளத்திலேயே இருக்கும். செயலியில் ‘ரிப்போர்ட்’ பொத்தானை அழுத்துவதோடு நிறுத்தாமல் அந்த அலுவலருக்கு மின்னஞ்சலும் போடுங்கள். மின்னஞ்சலில் விதியின் எண்ணைக் குறிப்பிடுங்கள். பொத்தானுக்கு வரும் பதிலுக்கும் விதி எண் போட்ட கடிதத்துக்கு வரும் பதிலுக்கும் வித்தியாசம் உண்டு. மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்துக்கு வேறு வழி. குழு நிர்வாகியால் மற்றவர் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் அழிக்க முடியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பின், முன்பு அல்ல, அவரிடம் பேசுங்கள். ஊர்ப் பையன்தானே, கேட்பார். நிர்வாகி என்ற ஒரே காரணத்துக்காக அவர் குற்றவாளி ஆவதில்லை என்று மும்பை உயர் நீதிமன்றமும் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. அதனால் அவர் பயந்து குழுவையே கலைத்துவிட வேண்டியதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

வெளிவராமல் அவன் கையில் இருக்கும் மீதிப் படங்களுக்கும் ஒரு தடுப்பு உண்டு. தங்கையே எடுத்த படங்கள் என்பதால் மூலம் அவர் கைப்பேசியில் இருக்கும், அல்லவா? ஸ்டாப் என்.சி.ஐ.ஐ என்ற இலவசச் சேவை, 18 வயது நிரம்பியவர்களுக்கானது. அதில் படத்தைத் தேர்ந்தெடுத்தால், படத்துக்குரிய கைரேகை போன்ற ஓர் எண்வரிசையை உங்கள் கைப்பேசியே உருவாக்கும். படம் கைப்பேசியை விட்டு வெளியே போகாது, எண்வரிசை மட்டுமே போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் தளங்களில் அதே படத்தை யாராவது ஏற்ற முயன்றால் எண்வரிசை பொருந்தி, தளம் அதைத் தடுக்க முடியும். வாட்ஸ்அப் உரையாடலுக்குள் போவதை இது தடுக்காது. பங்கேற்காத தளங்களையும் தடுக்காது. முழுக் கவசம் இல்லை. ஆனால் “மீதியும் வரும்” என்ற மிரட்டலின் பல்லைப் பாதி பிடுங்கிவிடும். கூகுள் தேடலில் பெயரைத் தட்டினால் படம் வருகிறது என்றால் அதை நீக்கக் கூகுளிலேயே தனிப் படிவம் இருக்கிறது.

இன்னொன்று, வழக்கறிஞர்களே பலர் மறந்துவிடுவது. தங்கை தானே எடுத்த படத்தின் பதிப்புரிமை 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி தங்கைக்கே சொந்தம். இந்தியச் சட்டத்தை மதிக்காத வெளிநாட்டு ஆபாசத் தளங்கள்கூடப் பதிப்புரிமை அறிவிப்பு வந்தால் சில நேரம் உடனே படத்தை இறக்கிவிடுகின்றன. ஒரு பெண்ணின் மானத்துக்கு அசையாதவர்கள் பதிப்புரிமைக்கு அசைகிறார்கள் என்பது வேதனைதான், ஆனால் வேலை நடக்கிறது. அறிவிப்பில் பெயரும் முகவரியும் கேட்பார்கள். ஆகவே வழக்கறிஞர் பெயரில் அனுப்புவது நல்லது.

தளம் நீக்கிவிட்டால் சான்றும் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். நீக்கிய தகவலையும் அது தொடர்பான பதிவுகளையும் 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. ஆனால் இங்கேதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. “அறுவடை முடியட்டும், கல்யாணம் ஒன்று இருக்கிறது, அது முடியட்டும்” என்று ஆறு மாதம் கழித்து வந்தால், அந்தப் போலிக் கணக்கை எந்த எண்ணிலிருந்து, எந்த இணைய முகவரியிலிருந்து தொடங்கினார்கள் என்ற பதிவு தளத்திடம் இருக்கும் என்று உறுதி இல்லை. காவல்துறை அந்தக் காலத்துக்குள் எழுதிக் கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கு யார் என்று தெரியும். நீதிமன்றத்துக்கு அது நிரூபணமாக வேண்டும்.

எங்கே புகார் கொடுப்பது? தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. 1930 என்ற எண்ணும் உண்டு. இணையத்தில் போட்ட புகாரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, நேரிலும் போங்கள். கோத்தகிரியிலிருந்து உதகைக்கு பஸ் ஏறி மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கே போவது என் யோசனை. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு சொல்கிறது. உதவி ஆய்வாளர் மட்டும் இருக்கிற சிறிய நிலையத்தில் கொடுத்தால் அந்தப் பிரிவுகளைப் போடத் தயங்குவார்கள், அல்லது எப்படியும் உதகைக்குத்தான் அனுப்புவார்கள். கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்தவர்கள் திண்டுக்கல் வரை இறங்க வேண்டியிருக்கும். இறங்க முடியாவிட்டால் அருகிலுள்ள நிலையத்தில் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது அல்ல என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு எல்லை பாராமல் பதிவு செய்யச் சொல்கிறது. அவன் பெங்களூரில் இருப்பதும் தடை அல்ல. பாதிப்பு நேர்ந்த இடம் கோத்தகிரி; வழக்கும் இங்கே நடக்கலாம். கூடலூர், பந்தலூர்க்காரர்களிடம் “அது வயநாட்டு விஷயம், அங்கே போங்கள்” என்று சொன்னாலும் இதே பதில்தான்.

நியாய சன்ஹிதாவின் 77, 78, 79 போன்ற பிரிவுகளில் பாதிக்கப்பட்ட பெண் கொடுக்கும் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பிறகு நீதித்துறை நடுவர் முன் தங்கை வாக்குமூலம் கொடுப்பார். கூடுமானவரை பெண் நடுவர்.

நடைமுறையில் நடப்பது என்னவென்று சொல்கிறேன். புகாரை வாங்கிக்கொண்டு, வழக்குப் பதியாமல், புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர் ரசீது ஒன்று கொடுப்பார்கள். மனு விசாரணை என்று இருதரப்பையும் அழைப்பார்கள். பையன் பெங்களூரிலிருந்து அப்பா, மாமாவோடு வந்து நிற்பான். எல்லோர் முன்னிலையிலும் கைப்பேசியைத் திறந்து படங்களை அழிப்பான். “இனி தொந்தரவு செய்யமாட்டேன்” என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவான். மனு முடித்துவைக்கப்படும். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அவன் அழித்தது கைப்பேசியின் கேலரியில் இருந்த படத்தை. கூகுள் போட்டோஸில், டெலிகிராமில் தனக்குத்தானே அனுப்பி வைத்த உரையாடலில், பழைய கைப்பேசியில், அறை நண்பனின் மடிக்கணினியில் இருக்கும் நகல்களுக்கு அந்தத் தாள் பொருந்தாது. இன்னும் மோசம், அழிக்கப்பட்டது அவனுக்கு எதிரான சான்று. கைப்பேசியைக் கைப்பற்றித் தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் அழித்தவையும் மீண்டிருக்கக் கூடும்.

அதனால் அப்பாவின் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர்கள் நிலத் தகராற்றையும் பாகப்பிரிவினையையும் நியாயமாகத் தீர்த்து வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். வேலியை நகர்த்தினால் மறுநாள் எல்லோருக்கும் தெரியும். படத்தை நகல் எடுத்தால் யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் பேசட்டும், அவன் குடும்பத்தை அடக்கி வைக்கட்டும், தங்கையைக் கேலி செய்கிறவர்களைக் கண்டிக்கட்டும். அதற்கு அவர்கள் உதவி வேண்டும். வழக்கை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. புதிய குற்ற நடைமுறைச் சட்டம் சிறிய விலக்கு ஒன்று கொடுத்திருக்கிறது: மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். பதினைந்தாம் நாளும் “விசாரணையில் இருக்கிறது” என்றால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்கலாம். சிலர் “அவனைக் குண்டர் சட்டத்தில் போடச் சொல்லுங்கள்” என்று யோசனை சொல்வார்கள். 2014-இல் சைபர் குற்றவாளிகளும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது உண்மை. ஆனால் அது அரசு நிர்வாகம் எடுக்கும் முடிவு, நாம் கேட்டுப் பெறும் பரிகாரம் அல்ல. அதற்காக நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெயர் வெளியே வருமா என்ற பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பெயரை வெளியிடுவதைக் குற்றமாக்கும் நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு, 77-ஐ நேரடியாகத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. எனவே தானாக நடக்கும் என்று இருக்காமல், புகாரிலேயே எழுதிக் கேளுங்கள்: பெயரை மறைத்துப் பதிய வேண்டும், முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று. பாலியல் குற்றங்கள் போன்ற நுட்பமான வழக்குகளின் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2016-இல் விலக்கு அளித்திருக்கிறது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கு வந்தது. கல்லூரிக் காலத்தில் பழகியவன் எடுத்த அந்தரங்கக் காட்சிகள் பல தளங்களில் பரவியிருந்தன. 48 மணி நேரத்துக்குள் அவற்றை முடக்கும்படி மத்திய மின்னணுவியல் அமைச்சகத்துக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். காவல்துறை அந்தப் பெண்ணை நடத்திய விதத்தையும் ஆவணத்தில் பெயர் இடம்பெற்றதையும் கண்டித்தார். அதன் தொடர்ச்சியாக 2025 நவம்பரில் இத்தகைய படங்களை நீக்குவதற்கான நடைமுறையை அமைச்சகம் வெளியிட்டது. காவல் நிலையத்தில் தயங்கினால் இந்த வழக்கைச் சொல்லுங்கள். படம் பல தளங்களுக்குப் பரவிவிட்டால் நீங்களும் உயர் நீதிமன்றத்தில் பெயரை மறைத்து ரிட் மனுப் போடலாம்.

நமக்குக் கீழேயே, பொள்ளாச்சியில், 2019-இல் வெளிவந்த பாலியல் வன்கொடுமை வழக்கும் நினைவிருக்கும். புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அப்போதைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. 2025 மே 13-இல் கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. பெண்கள் கடைசி வரை பிறழாமல் சாட்சி சொன்னார்கள்; மூடிய அறையில், பெயர் வெளிவராமல் சொன்னார்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பா யோசிப்பார். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண் என்றாலே இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. மாவட்ட ஆணைக்குழு உதகையில். வட்டக் குழுக்கள் வட்ட நீதிமன்றங்களிலேயே இயங்குகின்றன. 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

உங்கள் வீட்டு விஷயத்துக்குப் பொருந்தாதவை சில, படிக்கிற மற்றவர்களுக்காக. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் எல்லாமே மாறும்: போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி-யும் வரும். அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதே சிக்கல். சான்றுக்காகக்கூட நகல் எடுத்துச் சுற்றவிடாதீர்கள். கைப்பேசியோடு நேராக நிலையத்துக்குப் போங்கள், அல்லது 1098-க்கு அழையுங்கள். பள்ளி மறைத்தாலும் குற்றம். பாதிக்கப்பட்டவர் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினராகவோ பட்டியல் சாதியினராகவோ இருந்து, செய்தவன் அந்தப் பிரிவைச் சேராதவன் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் கேளுங்கள். துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி விசாரிப்பார், முன்பிணைக்கும் அந்தச் சட்டம் தடை போட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால் 77 உதவாது, ஆனால் 66இ, 67, 67ஏ ஆண் பெண் பார்ப்பதில்லை. கொடைக்கானலிலோ உதகையிலோ காட்டேஜ் அறையில் மறைகேமரா கண்டால் அதைக் கழற்றாதீர்கள், உரிமையாளரிடமும் கொடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு 112-ஐ அழையுங்கள். படம் எங்கும் வெளியாகாவிட்டாலும், எடுத்ததே 77-இல் குற்றம்.

கடைசியாக உங்கள் சித்தி மகன். நண்பனுக்கு அனுப்பியதும் ‘அனுப்புதல்’தான், 66இ-யும் 67-உம் முதலில் போட்டவன், பிறகு போட்டவன் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அவன் பெயரைப் புகாரில் மறைத்துவிடலாம் என்று உங்கள் சித்தி கேட்பார். மறைக்காதீர்கள். குழுவின் உரையாடல் எப்படியும் காவல்துறை கைக்குப் போகும், அப்போது நீங்கள் மறைத்தது தங்கையின் வழக்கையே சந்தேகத்துக்குள்ளாக்கும். அவன் உங்களோடு உதகைக்கு வரட்டும். படம் குழுவில் எப்போது வந்தது, எந்த எண்ணிலிருந்து வந்தது, தான் யாருக்கு அனுப்பினான் என்று உள்ளதைச் சொல்லட்டும். தன் கைப்பேசியை எதையும் அழிக்காமல் ஒப்படைக்கட்டும். விசாரணை அதிகாரி அவனைச் சாட்சியாக வைப்பாரா, குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில் சேர்ப்பாரா என்பதை நான் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. தானாக வந்து சொன்னவனுக்கும் பிடித்து வந்து கேட்கப்பட்டவனுக்கும் நிலையத்தில் ஒரே மரியாதை இருக்காது என்பதை மட்டும் சித்தியிடம் சொல்லுங்கள். அவனிடமிருந்து படம் போன அந்த நண்பனின் பெயரையும் எண்ணையும் புகாரில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.